பதினைந்து வயது மகளைப் பாய்மரப் படகு முகாமுக்கு அனுப்பலாமா? படகில் ஒரு நாள் உண்மையில் எப்படிக் கழிகிறது?

இரு பிள்ளைகளின் தாய் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் என் மகள், வரும் ஜூலை மாதம் கரீபியன் பகுதியில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் நடக்கும் மூன்று வாரப் பாய்மரப் படகு முகாமில் சேர வேண்டும் என்று நான்கு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதின்ம வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மூன்று பயிற்றுநர்களுடன் ஒரே படகில் தங்கித் தீவு தீவாகச் செல்வார்கள் என்கிறார்கள். முகாமின் விளம்பர ஏட்டைப் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். நீலக் கடலில் பிள்ளைகள் குதிக்கும் படங்களே அதில் நிறைந்திருக்கின்றன. காலையில் கண்விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அவர்கள் என்ன செய்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் படகை ஓட்டுகிறார்கள், எங்கே உறங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தாய்வீடு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலைப் பற்றிய பேச்சு வந்தால் எல்லோருடைய குரலும் தாழ்ந்துவிடும். பேத்தி மூன்று வாரம் கடலிலேயே இருக்கப் போகிறாள் என்று சொன்னதும் என் அம்மா தொலைபேசியில் சிறிது நேரம் பேசவே இல்லை. என் கணவருக்குச் சூறாவளி பற்றிய கவலை. மகள் நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள் என்றாலும் கடலில் நீந்திப் பழகியவள் அல்லள். முட்டைகூடச் சாப்பிடாத சைவம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெறும் உல்லாசப் பயணம்தானா, அல்லது எதையேனும் கற்றுக்கொண்டு திரும்புவாளா என்பதும் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடக்கயிறு (பதில்):

வணக்கம் அம்மா. பதினாறாம் வயதில் இதே தீவுகளில் இப்படியொரு முகாமில் மாணவியாக இருந்தேன். பின்னர் கல்லூரி விடுமுறையில் இரண்டு கோடைகள் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றினேன். முகாமுக்கு முகாம் வேறுபாடுகள் உண்டு என்றாலும், படகில் ஒரு நாள் கழியும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே, நார்மன் தீவின் பைட் என்ற விரிகுடாவில் விடிந்து கூப்பர் தீவில் முடியும் ஒரு நாளை அப்படியே எழுதுகிறேன்.

படகு நாற்பத்தைந்து அடி நீளமுள்ள கேட்டமரான். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும் அமைப்பு வேறு. இரண்டு படகுகளை இணையாக வைத்து நடுவே ஒரு கூடத்தைக் கட்டியது போல இருக்கும். உள்ளே அறைகள் உண்டு, ஆனால் ஜூலை மாதப் புழுக்கத்தில் அவை துணிமணி வைக்கும் இடமாகவே பயன்படும். பெரும்பாலான பிள்ளைகள் முன்புறத்தில் இரு உடல்களுக்கும் இடையே கட்டியிருக்கும் வலையிலும் மேல்தளத்திலும் பாயைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். இரவில் ஓரிரு முறை பத்து நிமிட மழை வரும். முதல் துளி முகத்தில் விழுந்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுக்க, அரைத் தூக்கத்தில் எல்லோரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடி, அறைகளின் மேல்திறப்புகளை மூடிவிட்டு, மழை நின்றபின் ஈரத் தளத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் படுப்பார்கள். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாம் இரவிலேயே வந்துவிடும்.

சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். ஆறரைக்கு எழுப்புவோம். படகைச் சுற்றி ஒரு முறை நீந்திவிட்டு வருவதுதான் காலைக் குளியல். அதற்குள் அன்றைக்குச் சமையல் முறையில் இருக்கும் இருவர் காலை உணவைத் தயாரித்திருப்பார்கள். படகில் வேலை செய்ய வேறு ஆட்கள் கிடையாது. சமையல், பாத்திரம், கழிவறை, தளம் கழுவுதல், இயந்திர எண்ணெய் அளவு பார்த்தல், படகின் அடிப்பகுதியில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தல் ஆகிய அனைத்தும் நாள்தோறும் சுற்றிவரும் முறைப்பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பதுதான் முக்கியமானது: அன்றைய கேப்டன். மூன்று வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிரண்டு முறையாவது அந்தப் பொறுப்பு வரும்.

காலை உணவு முடிந்ததும் அன்றைய கேப்டன் கடல் வரைபடத்தை மேசையில் விரித்து மற்றவர்களுக்கு அன்றைய வழியை விளக்க வேண்டும். நார்மன் தீவிலிருந்து கூப்பர் தீவு வடகிழக்கே சுமார் 7 கடல்மைல். நடுவே சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் என்ற அகன்ற நீர்ப்பரப்பு. வடக்கே அத்தீவுகளிலேயே பெரியதான டோர்ட்டோலாவும் தெற்கே பீட்டர், சால்ட் முதலான தீவுகளும் அரண் போல நிற்பதால் பெரிய அலைகள் உள்ளே வருவதில்லை. அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தே காற்று வீசும். கோடையில் 10 முதல் 20 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகம் இயல்பு. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் செல்ல இயலாது. காற்றை ஒரு கன்னத்தில் வாங்கிக்கொண்டு டோர்ட்டோலா கரையை நெருங்கும் வரை ஓடி, படகைத் திருப்பி, மறு கன்னத்தில் வாங்கிக்கொண்டு சால்ட் தீவின் பக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் கூப்பரை அடைய வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது, டெட் செஸ்ட் தீவுக்கும் சால்ட் தீவுக்கும் நடுவே நீருக்குள் மறைந்திருக்கும் பிளாண்ட் பாறையை எவ்வளவு தள்ளிக் கடப்பது, காற்று வலுத்தால் பாயை எப்போது சுருக்குவது ஆகியவற்றை அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதினைந்து வயதில் தன் வயதினர் பத்துப் பேர் முன்னால் நின்று, "இங்கே திரும்புகிறோம், காரணம் இது" என்று சொல்வது பலருக்கும் அதுவே முதல் முறையாக இருக்கும்.

புறப்படும்போது பெரிய பாயை ஏற்றுவதற்கு நால்வர் வேண்டும். கயிற்றை விஞ்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், வலஞ்சுழியாக மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றொருவர் கயிற்றின் வாலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கட்டைவிரல் ஒருபோதும் விஞ்சின் பக்கம் இருக்கக் கூடாது. நீண்ட கூந்தல் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இவற்றை நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறையேனும் சொல்வோம். அதேபோல, பாயின் அடியில் கிடையாக இருக்கும் தண்டு, பின்காற்றில் படகு திரும்பும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பெரும் வேகத்தில் பாயும். அது வீசும் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பது முதல் மணி நேரத்திலேயே கற்பிக்கப்படும் பாடம்.

அம்மா, எதையேனும் கற்றுக்கொள்வாளா என்று கேட்டிருந்தீர்கள். என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கூப்பர் தீவின் மான்சியோனீல் விரிகுடாவில் நங்கூரம் போடுவதற்குப் பதிலாக, கடலடியில் நிலையாகப் பொருத்தப்பட்ட மிதவைகளில் படகைக் கட்டுவார்கள். அன்றைய கேப்டன் அதிகம் பேசாத ஒரு மாணவி. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்பவர் கொக்கிக் கழியால் மிதவையின் கயிற்றைப் பிடித்து எடுக்க வேண்டும். இயந்திர ஓசையிலும் காற்றிலும் பேச்சு கேட்காது என்பதால், மிதவை இருக்கும் திசையைக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பார். காற்றை எதிர்கொண்டு, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, மிதவைக்கு அருகே சென்றதும் படகு நிற்க வேண்டும். முதல் முறை அவள் வேகத்தைச் சற்று முன்னதாகவே குறைத்துவிட்டாள். கழி எட்டுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது காற்று அணியத்தைத் தள்ளிவிட்டது. அக்கம்பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளுக்கு ஓரடி பின்னால், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு நின்றேன். உண்மையான ஆபத்து வந்தாலன்றிச் சுக்கானைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த விதி. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மிதவையைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு படகை விலக்கி, பெரிய வட்டம் போட்டு, மீண்டும் வந்தாள். இம்முறை கொக்கி விழுந்தது. பாசி பிடித்து வழுக்கும் அந்தக் கயிற்றின் வளையத்தில் படகின் இரு உடல்களின் முன்முனைகளிலிருந்தும் வந்த கயிறுகளைக் கோத்துக் கட்டியபின், இயந்திரத்தை அவளே நிறுத்தினாள். அதன் பிறகும் சிறிது நேரம் சுக்கான் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

பிற்பகலில் பெரும்பாலும் நீருக்கடியில் பார்க்கும் வேலைதான். கூப்பருக்கு அருகிலேயே சால்ட் தீவை ஒட்டி ரோன் என்ற பிரிட்டிஷ் அஞ்சல் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1867 அக்டோபர் 29ஆம் தேதி சூறாவளியின் நடுவே திறந்த கடலுக்குத் தப்பிச் செல்ல முயன்றபோது, திசை மாறிய காற்று அதைப் பாறையில் மோதவைத்தது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பகுதி சுமார் 80 அடி ஆழத்தில் கிடக்கிறது. பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால், கப்பலை உந்தும் அதன் பெரிய வெண்கலச் சுழலியை மேலே மிதந்தபடியே முகக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அந்தப் பகுதி 1980 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. எதையும் தொடுவதோ எடுப்பதோ கூடாது. கடலில் நீந்துவது பற்றி நீங்கள் கவலைப்பட்டீர்கள். உப்பு நீரில் உடல் குளத்தைவிட எளிதாக மிதக்கும். முதல் நாளே நீச்சல் தேர்வு வைத்து, அதன்படிதான் பிள்ளைகளை அனுமதிப்போம். இருவர் இருவராகத்தான் நீந்த வேண்டும். துடுப்புக் காலணியும் முகக் கண்ணாடியும் பழகிவிட்டால் குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு ஓரிரு நாளில் அச்சம் விலகிவிடும். ஆனால் நீரோட்டம் என்ற ஒன்று குளத்தில் இல்லை. புறப்படுவதற்கு முன் உங்கள் ஜெர்சி கடற்கரையில், உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், நான்கைந்து முறை நீந்தவைத்துவிடுங்கள்.

நன்னீர் படகில் பொன்னுக்குச் சமம். தொட்டியில் சுமார் 700 லிட்டர்தான் இருக்கும். பன்னிரண்டு பதினான்கு பேர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதுவே. ஆகவே கடலில் குதித்து, மேலே வந்து சோப்புப் போட்டு, மீண்டும் குதித்து, கடைசியில் அரை நிமிடம் மட்டும் நன்னீரில் உப்பைக் கழுவிக்கொள்வார்கள். சைவ உணவு பற்றி முன்னரே தெளிவாக எழுதிவிட்டால் சிக்கல் இல்லை. அரிசி, பீன்ஸ், பாஸ்தா, பழங்கள் எப்போதும் இருக்கும். ஆனால் தீவுகளுக்கு உணவுப்பொருள்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன என்பதால் பசுங்காய்கறி எல்லா நாளும் கிடைக்காது. முட்டை கலந்த பண்டங்களை அவளே கேட்டு விலக்கக் கற்றிருக்க வேண்டும். ஒரு டப்பா பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். என் முகாமில் அதை மற்ற பிள்ளைகள்தான் முதலில் தீர்த்தார்கள்.

ஏழு மணியளவில் சூரியன் மறைந்தபின் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவார்கள். மறுநாள் கேப்டனின் பெயர் அறிவிக்கப்படும். முடிச்சுப் பயிற்சியும் அப்போதுதான். போலைன் என்ற முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் வரை விடமாட்டோம். பின்புற விளக்கின் ஒளிக்குக் கூடும் சிறு மீன்களைத் தேடி, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள டார்ப்பன் மீன்கள் வெள்ளித் தகடு போலத் திரும்பித் திரும்பி வரும். இதுவரை எழுதியது மிதவையில் கட்டிய நாள். மிதவை இல்லாத இடத்தில் நங்கூரமிட்டால், முதலில் ஒருவர் முகக் கண்ணாடியுடன் மூழ்கி அது மணலில் புதைந்திருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்; பின் இரவு முழுவதும் இருவர் இருவராக முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். கரையில் இரண்டு விளக்குகளைக் குறித்துக்கொண்டு, அவை நின்ற திசையிலேயே நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த நேரத்தில் நான் பிள்ளைகளுக்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்டுவேன். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. அங்கே துருவ நட்சத்திரம் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும், ஏனெனில் அத்தீவுகள் 18ஆம் அட்சரேகையில் இருக்கின்றன. உங்கள் நியூஜெர்சி வீட்டு வாசலில் அதே நட்சத்திரம் நான்கு முஷ்டி உயரத்தில் இருக்கும்.

டொராண்டோ தந்தை (பதில்):

மேலே எழுதிய சகோதரி தம் அனுபவத்தை நேர்மையாகப் பகிர்ந்திருக்கிறார். ஆயினும் இதன் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் மகனைப் பதினான்காம் வயதில் அதே தீவுகளுக்கு அனுப்பினோம். முதல் நான்கு நாள்கள் கடல்நோயால் அவன் எதையும் வயிற்றில் தங்கவைத்துக்கொள்ள இயலவில்லை. ஐந்தாம் நாள் நோய் விட்டது. எட்டாம் நாள் காதில் தொற்று ஏற்பட்டது. நாள் முழுவதும் நீரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்று பின்னர் எங்கள் மருத்துவர் சொன்னார். எங்கள் மனத்தை வருத்தியது நோயன்று. அவனுக்குக் காய்ச்சல் இருந்த இரண்டு நாள்களும் முகாம் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. மூன்றாம் நாள் அவனே கரையில் ஒருவரிடம் தொலைபேசி வாங்கிப் பேசியபோதுதான் தெரிந்தது. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று வாரம் ஒருமுறை எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக அனுப்பும் மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்தது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். படகுத் தலைவருக்கு என்ன உரிமம் இருக்கிறது, முதலுதவிப் பயிற்சி எத்தனை பேருக்கு, இரவில் விழித்திருப்பவர் யார், பிள்ளைக்கு உடல்நலம் குன்றினால் எத்தனை மணி நேரத்துக்குள் பெற்றோருக்குச் சொல்வார்கள், தலைநகரான ரோட் டவுனில் உள்ள மருத்துவமனைக்கு யார் உடன் செல்வார்கள் என்பவையே நான் கேட்கத் தவறியவை. ஸ்கூபா முக்குளிப்பும் சேர்ந்த முகாம் என்றால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயணச்சீட்டு வாங்கும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

மகள் தானாகவே நான்கு மாதம் கேட்கிறாள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். என் மகன் கேட்கவில்லை. நான்தான் அவனை அனுப்பினேன். மூன்று வாரங்களும் நான் விரும்பியதற்காகவே அவன் அங்கே இருந்தான் என்பதைத் திரும்பி வந்த அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது அறிந்தேன். பாயைச் சுருக்கவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டுதான் வந்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பெற்றோரின் ஆசைக்காகப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன். கடல்நோய்க்கு உரிய மருந்தையும் அதன் அளவையும் உங்கள் மருத்துவரிடம் முன்னரே கேட்டுக் குறிப்பாக எழுதி வாங்கிவிடுங்கள். பெரியவர்கள் காதின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையை மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்கு ஒட்டிவிடாதீர்கள்.

முத்துநகர் மாலுமி (பதில்):

சூறாவளி, சுனாமி ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வணிகக் கப்பலில் இருபத்திரண்டு ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவன். சொந்த ஊர் தூத்துக்குடி. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். இர்மா சூறாவளி அத்தீவுகளை நொறுக்கியது 2017 செப்டம்பர் 6. பதின்ம வயதினர் முகாம்கள் ஜூன் பாதியில் தொடங்கி ஆகஸ்டு பாதிக்குள் முடிந்துவிடுவதில் பள்ளி விடுமுறையோடு இதற்கும் பங்கு உண்டு. ஜூலை மாதத்தில் ஆபத்து குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024இல் பெரில் சூறாவளி ஜூலை 1ஆம் தேதியே கிரெனடா நாட்டின் கரியாக்கூ தீவைத் தாக்கியது. நல்ல செய்தி என்னவென்றால், அங்கு வரும் சூறாவளிகளில் பல ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலிருந்து நாள்கணக்கில் நகர்ந்து வருபவை. மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம், உருவாகிவிட்ட புயலைப் பற்றி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. முகாம் நடத்துபவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: புயல் எவ்வளவு தொலைவில் இருக்கும்போது பிள்ளைகளைப் படகிலிருந்து இறக்குவீர்கள், இறக்கி எந்தக் கட்டடத்தில் வைப்பீர்கள்? டோர்ட்டோலாவின் பராகீட்டா விரிகுடாவில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே படகுகளைக் கட்டிவைப்பது அங்கே வழக்கம். அது படகுகளுக்கான இடம், இர்மாவில் அங்கிருந்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பிள்ளைகள் கரையில், உறுதியான கட்டடத்தில், முன்னதாகவே இருக்க வேண்டும். இடத்தின் பெயரைச் சொல்லத் தெரியாத நிறுவனத்தை நான் நம்பமாட்டேன்.

உங்கள் அம்மாவின் மௌனம் எனக்குப் புரிகிறது. அவரிடம் பொய்யான உறுதி எதையும் சொல்ல வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வர்ஜின் தீவுகளிலும் சுனாமி வந்திருக்கிறது. ரோன் கப்பல் மூழ்கிய இருபதாம் நாள், 1867 நவம்பர் 18ஆம் தேதி, அப்பகுதிக் கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு அலைகள் தீவுகளைத் தாக்கின. அப்படி அருகிலேயே நிலம் நடுங்கினால் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அங்குள்ள தீவுகளில் பெரும்பாலானவை மலைப்பாங்கானவை. கடற்கரையில் நிற்கும்போது நிலம் வலுவாக நடுங்கினால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஏற வேண்டும் என்பதை மகளுக்கு நீங்களே சொல்லி அனுப்புங்கள். அனெகாடா மட்டும் விதிவிலக்கு. பவளப் பாறையால் ஆன தட்டையான தீவு, ஒன்பது மீட்டர் உயரம்கூடக் கிடையாது. அங்கே செல்வதாக இருந்தால் என்ன ஏற்பாடு என்று தனியாகக் கேளுங்கள். மற்றொன்றையும் அம்மா நினைவுகூரக்கூடும். 2004இல் நாகை மீனவர்களில் அன்று காலை ஆழ்கடலில் இருந்தவர்கள் அலையை உணரவே இல்லை. கரை திரும்பியபோதுதான் நடந்ததைக் கண்டார்கள். சுனாமியின் போது ஆழமற்ற விரிகுடாவும் கரையோரமுமே ஆபத்தானவை, ஆழக்கடல் அன்று. ஆகவே படகுத் தலைவர்கள் வானொலியை 16ஆம் அலைவரிசையில் எப்போதும் திறந்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

துருவ நட்சத்திரம் பற்றிச் சகோதரி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். நாகப்பட்டினம் 11ஆம் அட்சரேகைக்குச் சற்றுக் கீழே. அங்கே அது ஒரு முஷ்டிக்குச் சற்று மேல்தான் எழும். பேத்தி அங்கிருந்து பார்ப்பதையும் பாட்டி இங்கிருந்து பார்ப்பதையும் ஒப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

இரு பிள்ளைகளின் தாய்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவற்றை மகளுக்கும் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். டொராண்டோ ஐயா குறிப்பிட்ட கேள்விகளை மகளே மின்னஞ்சலாக எழுதி இரண்டு முகாம்களுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்றிலிருந்து ஒரே நாளில் நான்கு பக்கப் பதில் வந்தது, புயல் வந்தால் தங்கவைக்கும் கட்டடத்தின் பெயர் உட்பட. மற்றொன்றிலிருந்து மீண்டும் அதே விளம்பர ஏடு வந்தது. மாலுமி ஐயா எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். ஆழ்கடலில் இருந்து திரும்பியவர்களில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார் என்பதை அம்மாதான் எனக்கு நினைவூட்டினார்.

வடக்கயிறு, உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் படகில் எப்படிச் சமாளிப்பது? இதை மகள் கேட்கக் கூச்சப்படுகிறாள். அவளுக்குப் பார்வைக் குறைபாடும் உண்டு, கண்ணாடி அணிகிறாள்.

வடக்கயிறு:

கூச்சப்பட ஒன்றுமே இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள் அம்மா; படகில் ஏறும் முதல் மாலை பெண் பயிற்றுநர்கள் மாணவிகளைத் தனியே அழைத்துப் பேசுவதே இதைப் பற்றித்தான். உங்கள் முகாமில் அப்படி ஒரு பெண் பயிற்றுநர் ஒவ்வொரு படகிலும் இருக்கிறாரா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். படகுக் கழிவறையின் குழாய் மிகக் குறுகியது, ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர்தான். காகிதம்கூடப் பல படகுகளில் அதில் போகக் கூடாது. நாப்கின் எதுவாயினும் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள தொட்டியில் போட்டுவிட வேண்டும். அது கரை சேரும்போது குப்பையோடு இறக்கப்படும். மூன்று வாரத்துக்குப் போதுமானதை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லட்டும், சிறிய தீவுகளில் கடை கிடையாது. அந்த நாள்களில் நீரில் இறங்க விருப்பமில்லை என்று சொன்னால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். டிங்கி என்ற சிறு துணைப்படகில் காவல் இருக்கும் பணி எப்போதும் ஒருவருக்கு உண்டு. அதை அவள் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி இரண்டு வேண்டும், இரண்டுக்கும் கழுத்தோடு பிணைக்கும் கயிறு வேண்டும். ஒன்று கட்டாயம் கடலுக்குப் போகும். முகக் கண்ணாடியிலேயே பார்வை எண்ணுக்கு ஏற்ற வில்லை பொருத்தித் தரும் கடைகள் அமெரிக்காவில் உள்ளன. அது இல்லாவிட்டால் ரோன் கப்பலின் சுழலியும் ஆமைகளும் அவளுக்கு வெறும் நிழலாகவே தெரியும். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே மேல். பூசும் களிம்பு எடுத்துச் சென்றால், பவளங்களுக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்சேட் ஆகியவை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அண்டையில் உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 முதல் இவற்றுக்குத் தடையே உண்டு. கடற்கரையில் சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்த்து நிற்கும் மான்சினீல் மரத்தைத் தொடவோ, மழையில் அதன் அடியில் ஒதுங்கவோ கூடாது. அதன் பால் தோலைப் புண்ணாக்கிவிடும். பயிற்றுநர்கள் காட்டித் தருவார்கள், ஆனால் நீங்களும் சொல்லி அனுப்புங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். படகில் அதை வைக்க இடமே கிடையாது. காலியானதும் சுருட்டிப் படுக்கைக்கு அடியில் செருகக்கூடிய துணிப்பையாக வாங்குங்கள்.